ஏழாம் அத்தியாயம்: ஆய்வுகூடத்துக்கும் அங்காடிக்கும் இடையில் ஒரு வேலி

மானிப்பாயிலும் அதனைச் சூழ்ந்த ஊர்களிலும் இரண்டு வளவுகளுக்கு இடையே புதிதாக வேலி போடுகின்றபோது, கதியால் நடுவதற்கு முன்னர் செய்யப்படும் காரியம் ஒன்றுண்டு. அயலவர் இருவரும் எல்லையின் இரு தலைப்பிலும் நின்று, ஒரு கயிற்றின் இரு நுனிகளையும் ஆளுக்கொன்றாகப் பிடித்து, அது விறைத்து நேராக நிற்கின்றதா என்று பார்த்த பின்னரே, அக்கயிறு காட்டிய வழியில் பூவரசங் கதியாலையோ கிளுவங் கதியாலையோ ஊன்றுவார்கள். ஒருவர் ஊரில் இல்லாத வேளையில் மற்றவர் தனியே கயிறு கட்டி நட்ட வேலி எவ்வளவுதான் நேர்மையாக அமைந்திருந்தாலும், திரும்பி வந்தவரின் கண்ணுக்கு அது வளைந்தே தோன்றும். அவ்வாறு ஒரு சாண் நிலத்திலே தொடங்கிய பிணக்கு நீதிமன்றப் படியேறி, தந்தை தொடுத்த வழக்கை மகன் நடத்த நேர்ந்த கதைகளை யாழ்ப்பாணத்தில் அறியாதார் இலர்.

பல்கலைக்கழகத்தில் ஆய்வு செய்பவர் ஒருவர் தாம் கண்டுபிடித்த ஒன்றை வியாபாரமாக்க முற்படும்போது அவருடைய வாழ்க்கையிலும் இத்தகைய இரண்டு வளவுகள் அருகருகே வந்து சேர்கின்றன. ஒரு பக்கத்தில், உண்மையைத் தேடுவதற்காகவும் மாணவரைப் பயிற்றுவதற்காகவும் பொதுப்பணத்தில் நடத்தப்படும் ஆய்வுகூடம். மறு பக்கத்தில், இலாபம் ஈட்டினாலன்றி நிலைக்க முடியாத தொழில் ஸ்தாபனம். இரண்டிலும் கால் வைத்திருப்பவர் ஒருவரே. இவ்விரண்டுக்கும் நடுவே வேலியை எங்கே போடுவது, அதற்கான கயிற்றை யார் யார் பிடிப்பது என்பதே இந்த அத்தியாயத்தின் விஷயமாகும். முன்னைய அத்தியாயங்களிலே ஆக்கவுரிமைப் பத்திரம் பெறும் முறையையும் கம்பனி பதிவு செய்யும் முறையையும் கண்ட வாசகர், இந்த அத்தியாயத்தைச் சட்டநுணுக்கம் என்று தள்ளிவிடாது, தமது நற்பெயரின் காவலாகக் கருதிப் படிக்கவேண்டும் என்பது எமது வேண்டுகோள்.

நலமுரண் என்பது யாது?

இதனை விளங்கிக்கொள்வதற்குப் பல்கலைக்கழகம் வரை செல்லவேண்டியதில்லை. எமது ஊர் ஒழுங்கைகளிலேயே அதற்கு உதாரணம் உண்டு. காலையிலே பாடசாலையில் கணிதம் கற்பிக்கின்ற ஆசிரியர் ஒருவர், மாலையிலே அதே மாணவருக்குப் பணம் பெற்று ரியூசன் வகுப்பு நடத்துகிறார் என்று வைத்துக்கொள்வோம். அவர் நல்ல ஆசிரியராக இருக்கலாம். காலை வகுப்பிலே எதனையும் ஒளிக்காமல் கற்பிப்பவராகவும் இருக்கலாம். ஆயினும் பாடசாலையிலே ஓர் அலகை அவர் சற்று விரைவாகக் கடந்துவிட்டால், பின்வரிசையில் இருக்கும் பிள்ளையின் உள்ளத்திலும் அப்பிள்ளையின் பெற்றோர் உள்ளத்திலும் எழுகின்ற கேள்வி ஒன்றுண்டு. அந்தக் கேள்விக்கு அவர் எத்தனை சத்தியம் செய்தும் பதில் சொல்லிவிட முடியாது. அவர் தவறு செய்தார் என்பதன்று இங்கே குறை. தவறு செய்தாரா இல்லையா என்பதை அவராலேயேகூட நிச்சயமாகச் சொல்ல இயலாத ஒரு ஸ்தானத்தில் அவர் நிற்கிறார் என்பதே குறை.

ஆகவே நலமுரண் என்பது ஒரு குற்றத்தின் பெயரன்று. ஒரு நிலையின் பெயர். ஒருவர் தமது கடமையின் நிமித்தம் நடுநிலையோடு தீர்ப்புச் செய்யவேண்டிய இடத்தில், அந்தத் தீர்ப்பினால் அவருக்கோ அவரைச் சேர்ந்தவர்களுக்கோ ஆதாயம் கிடைக்கக்கூடியதாக இருந்தால், அங்கே நலமுரண் இருக்கின்றது. அந்த ஆதாயம் பணமாக இருக்கலாம். பங்காகவோ பதவியாகவோ இருக்கலாம். தன் கண்டுபிடிப்பே வெல்லவேண்டும் என்ற புகழாசையாகவும் இருக்கலாம். உத்தமரும் இந்நிலைக்கு ஆளாவர். ஆனால் அதனை மறைத்தாலோ, மறைக்காவிட்டாலும் தம் விஷயத்திலே தாமே தீர்ப்புச் சொன்னாலோ, அப்பொழுதே அது குற்றத்தின் வாசலை நெருங்குகின்றது. நலமுரணே இல்லாதபடி வாழ முயல்வது இந்த அத்தியாயத்தின் நோக்கமன்று. அதனை வெளிச்சத்தில் வைத்து, தீர்ப்பை வேறொருவர் கையில் ஒப்படைப்பதே நோக்கம்.

வியாபாரம் செய்வதே பிழையா?

அறிவு விற்பனைப் பொருளாகலாமா என்ற தயக்கம் எமது மண்ணிலே இயல்பானது. சாமுவேல் ஃபிஸ்க் கிறீன் என்ற அமெரிக்க வைத்தியர் 1847 ஆம் ஆண்டில் யாழ்ப்பாணம் வந்து, இடையிலே சில ஆண்டுகள் தாயகத்தில் தங்கியது நீங்கலாக 1873 வரை இங்கே உழைத்து, மானிப்பாயில் வைத்தியசாலையை நிறுவி, அறுபதுக்கு மேற்பட்டோரை வைத்தியராகப் பயிற்றி, மேனாட்டு மருத்துவ நூல்களைத் தமிழிலே ஆக்கித் தந்தார். அறிவு என்றால் இவ்வாறு கொடுக்கப்படவேண்டியது என்ற எண்ணம் அந்த வைத்தியசாலையின் மதிலோரமாக நடந்து பள்ளிக்குச் சென்ற எங்களுக்கு உண்டானதிலே வியப்பில்லை. கனடாவிலே இன்சுலினைக் கண்டுபிடித்தவர்கள் 1923 ஆம் ஆண்டில் அதன் ஆக்கவுரிமையைத் தலைக்கு ஒரு டாலர் என்ற பெயரளவான விலைக்குத் தொரன்ரோப் பல்கலைக்கழகத்துக்கு எழுதிக்கொடுத்த செய்தியும் இந்த எண்ணத்துக்கு வலுவூட்டுவதே.

ஆயினும் இன்சுலின் நோயாளியின் கையை அடைவதற்கு ஓர் ஆக்கவுரிமைப் பத்திரமும், அதனை உரிய தரத்தில் உற்பத்தி செய்யும் தொழிற்சாலைகளும் தேவைப்பட்டன என்பதை நாம் மறந்துவிடலாகாது. ஆய்வுக் கட்டுரையாக நூலகத்திலே உறங்கும் கண்டுபிடிப்பினால் கமக்காரனுக்கும் பிரயோசனம் இல்லை, நோயாளிக்கும் பிரயோசனம் இல்லை. அமெரிக்காவில் 1980 ஆம் ஆண்டின் பேய்–டோல் சட்டம், அரசாங்கப் பணத்தில் பிறந்த கண்டுபிடிப்பின் உரிமையைப் பல்கலைக்கழகங்களே வைத்துக்கொள்ள வழி செய்தது. சென்னை ஐ.ஐ.டி. 2010 ஆம் ஆண்டளவில் தரமணியிலே ஓர் ஆய்வுப் பூங்காவைத் திறந்து, தொழில் ஸ்தாபனங்களைத் தன் அயலிலே குடியேற்றியது. இலங்கையிலும், உலக வங்கியின் உதவியோடு 2017 இல் ஆரம்பமான உயர்கல்வித் திட்டத்தின் காலத்தில், பல்கலைக்கழகங்கள்தோறும் வணிக இணைப்புப் பிரிவுகள் வேரூன்றின. 1974 ஆம் ஆண்டில் ஒரு வளாகமாகத் தோன்றி 1979 இல் தனிப் பல்கலைக்கழகமாக உயர்ந்த யாழ்ப்பாணப் பல்கலைக்கழகமும் இந்தப் பாதையிலேயே நடக்கின்றது. பாதை திறந்துவிட்டது, அதிலே விழாமல் நடப்பதற்கான விதியைத்தான் நாம் கற்கவேண்டும்.

வெளிப்படுத்தினால் மட்டும் போதுமா?

1999 ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதத்தில் ஜெஸி கெல்சிங்கர் என்ற பதினெட்டு வயது இளைஞன், அமெரிக்காவின் பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தில் நடைபெற்ற மரபணுச் சிகிச்சைப் பரிசோதனை ஒன்றிலே பங்குகொண்டு, மருந்து செலுத்தப்பட்ட நான்காம் நாள் இறந்தான். உடலிலே அமோனியா தேங்குகின்ற ஒரு பரம்பரை நோய் அவனுக்கு இருந்தது; எனினும் மாத்திரையும் உணவுக் கட்டுப்பாடும் கொண்டு அவன் ஓரளவு சுகமாகவே வாழ்ந்துவந்தான். அந்நோயோடு பிறக்கும் குழந்தைகளுக்கு உதவுமென்று எண்ணியே அவன் தன்னை ஒப்புக்கொடுத்தான். அந்த ஆய்வு நிலையத்தின் தலைவராயிருந்த ஜேம்ஸ் வில்சன், ஜெனோவோ என்ற கம்பனியைத் தோற்றுவித்தவர். அக்கம்பனி நிலையத்துக்குப் பெருந்தொகை வழங்கிவந்தது. பல்கலைக்கழகத்துக்கும் அதிலே பங்கு இருந்தது.

இவ்வளவோடு நின்றால் இது மறைக்கப்பட்ட ஆதாயத்தின் கதையாக முடிந்துவிடும். உண்மையில் அது மறைக்கப்படவில்லை. பல்கலைக்கழகத்தின் நலமுரண் குழு அந்த ஏற்பாட்டை முன்னரே ஆராய்ந்து, நிபந்தனைகளுடன் அனுமதித்திருந்தது. நோயாளி கையெழுத்திட்ட சம்மதப் பத்திரத்திலும், வில்சனுக்கும் பல்கலைக்கழகத்துக்கும் இப்பரிசோதனையின் வெற்றியிலே பண ஆதாயம் உண்டு என்ற வாக்கியம் இருந்தது. இல்லாதிருந்தது எது? முந்திய சோதனைகளிலே குரங்குகள் இறந்த செய்தி அப்பத்திரத்தில் இல்லை. அந்த இளைஞனின் அமோனியா அளவு பரிசோதனைத் திட்டம் வகுத்த எல்லையை மீறியிருந்ததையும், முந்திய நோயாளிகளிடம் கண்ட பாதகமான விளைவுகள் உரியவாறு அறிவிக்கப்படாமையையும் அரசாங்க விசாரணை பின்னர் எடுத்துக்காட்டியது. 2005 ஆம் ஆண்டில் பல்கலைக்கழகம் ஐந்து இலட்சத்துக்கும் மேற்பட்ட டாலர் செலுத்தி வழக்கைச் சமாதானத்தில் முடித்துக்கொண்டது. பணத்துக்காகவே அந்த முடிவுகள் எடுக்கப்பட்டன என்று எவரும் நிரூபிக்கவில்லை; அப்படி நாமும் சொல்லவில்லை. ஆனால் ஒவ்வொரு முடிவின் மீதும் அந்தச் சந்தேகத்தின் நிழல் விழுந்ததையும், மரபணுச் சிகிச்சை என்ற துறையே பல ஆண்டுகள் பின்தள்ளப்பட்டதையும் எவராலும் மறுக்க இயலாது.

இதிலிருந்து நாம் பெறும் பாடம் தெளிவானது. வெளிப்படுத்தல் முதற்படி, இறுதிப் படியன்று. ஆதாயம் உள்ளவரின் கையிலிருந்து தீர்ப்பை எடுத்து, ஆதாயம் இல்லாதவரின் கையில் கொடுக்கும்வரை, பத்திரத்திலே எழுதிய வாக்கியம் ஒருவரையும் காப்பாற்றுவதில்லை.

எமது சமூகத்தில் இது ஏன் மேலும் சிக்கலானது?

அமெரிக்கச் சுகாதாரத் திணைக்களத்தின் 2011 ஆம் ஆண்டு விதி, ஓர் ஆய்வாளர் ஐயாயிரம் டாலருக்கு மேற்பட்ட ஆதாயத்தை வெளிப்படுத்தவேண்டும் என்று விதித்து, மனைவி அல்லது கணவனையும் தங்கிவாழும் பிள்ளைகளையும் அவ்விதிக்குள் அடக்குகின்றது. அந்நாட்டுக் குடும்ப அமைப்புக்கு அது போதுமாயிருக்கலாம். எமக்கோ, முதலீட்டாளர் மைத்துனராக இருப்பார். விநியோகஸ்தர் சகலனாக இருப்பார். கம்பனிக் கணக்கை எழுதுபவர் மருமகனாக இருப்பார். புலம்பெயர்ந்து தொரன்ரோவிலோ இலண்டனிலோ வாழும் சகோதரன் அனுப்பிய பணமே பல சிறு தொழில்களின் மூலதனம். ஒல்லாந்தர் காலத்தில் தொகுக்கப்பட்ட தேசவழமைச் சட்டத்திலே, மணவாழ்வில் ஈட்டிய சொத்தைக் குறிக்கும் ‘தேடிய தேட்டம்’ என்ற சொல் நிலைத்திருக்கும் மண்ணில், பங்கு என் பெயரில் இல்லை, இல்லாளின் பெயரிலேதான் இருக்கின்றது என்று ஒருவர் சொல்வாரானால், கேட்பவர் அதனை ஒரு விடையாக ஏற்றுக்கொள்ளமாட்டார். ஆகவே, எமது படிவங்களிலே உறவின் எல்லையைச் சற்று அகலமாகவே வகுக்கவேண்டும்: வாழ்க்கைத்துணை, பிள்ளைகள், பெற்றோர், உடன்பிறந்தோர், வாழ்க்கைத்துணையின் உடன்பிறந்தோர் என்ற அளவேனும் இருத்தல் அவசியம்.

சட்டத்தின் அடிப்படையையும் அறிந்துகொள்க. இலங்கையின் 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின்படி, மாறான உடன்படிக்கை இல்லாதவிடத்து, ஒருவர் தமது தொழில் ஒப்பந்தத்தின் பாற்பட்ட வேலையிலே செய்த கண்டுபிடிப்பின் உரிமை வேலைகொள்வோரையே சாரும். அது முன்னர் எதிர்பாராத பெருமதிப்பைப் பெறுமானால், கண்டுபிடித்தவருக்கு நியாயமான ஊதியம் பெறும் உரிமை உண்டு. பல்கலைக்கழகத்தில் தாம் கண்டுபிடித்ததைத் தம்முடையதென்று எண்ணி வீட்டுக்குக் கொண்டுசென்று, உறவினரின் கம்பனிப் பெயரில் விண்ணப்பிப்பது நலமுரண் மட்டுமன்று. பிறர் சொத்தைக் கையாள்வதுமாகும்.

ஓர் எடுத்துக்காட்டு

மேற்சொன்னவற்றை ஒரு கற்பனை உதாரணத்திலே பொருத்திப் பார்ப்போம். உணவு விஞ்ஞானம் கற்பிக்கும் விரிவுரையாளர் ஒருவர், வீடு மானிப்பாயில். ஆடி, ஆவணி மாதங்களிலே பனம்பழம் விழத் தொடங்கியதும், முற்றத்துப் பாயிலே பனங்களியைப் படை படையாக ஊற்றிக் காயவிட்டுப் பினாட்டு எடுத்த தாயாரின் கைகளைப் பார்த்து வளர்ந்தவர். பனங்களியிலுள்ள கசப்புக்கு ஃபிளபெலிஃபெரின் என்னும் சேர்வைகள் காரணம் என்பது இலங்கைப் பல்கலைக்கழக ஆய்வுகளினால் அறியப்பட்ட உண்மை. அந்தக் கசப்பை நீக்கி, களியை நெடுநாள் கெடாத தூளாக்கும் முறையொன்றை அவர் தம் இரு மாணவரோடு சேர்ந்து கண்டுபிடிக்கிறார். அவருடைய மைத்துனர் சண்டிலிப்பாயிலே ஒரு சிறு தொழிற்சாலை தொடங்க ஆயத்தமாகிறார். கணவர் அதிலே பணம் இடுகிறார். இவற்றில் ஒன்றும் குற்றமில்லை. ஆயினும் ஆறு மாதங்களுக்குப் பின்னர் ஆய்வுகூட வாசலிலே நிகழ்கின்ற இந்தச் சிறு உரையாடலைக் கேளுங்கள்:

“மடம், என்ர கட்டுரையை எப்ப அனுப்பலாம்?”

“கொஞ்சம் பொறும் பிள்ளை. கொம்பனியிலை ஒருக்கால் கேட்டிட்டுச் சொல்லுறன்.”

அன்போடு சொன்ன விடைதான். ஆனால் அந்தக் கணத்திலே வேலி சாய்ந்துவிட்டது. ஒரு மாணவியின் பட்டம் எப்பொழுது நிறைவேறும் என்ற தீர்ப்பு, அவளை அறியாத ஒரு வியாபாரியின் வசதிக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. அதனைக் கொண்டுபோய்ச் சேர்த்தவர், அவளைக் காக்கவேண்டிய மேற்பார்வையாளரே. அந்த மாணவியால் எதிர்த்து ஒரு வார்த்தையும் பேச இயலாது. ஏனெனில் நாளை அவளுக்குச் சிபாரிசுக் கடிதம் எழுதப்போகிறவரும் அவரே.

இந்த விரிவுரையாளர் கையாளக்கூடிய வழிகள் ஐந்து. அவற்றை மெல்லியதிலிருந்து கடுமையானது வரை வரிசைப்படுத்திக் கூறுவோம்.

முதலாவது, வெளிப்படுத்தல். மைத்துனரோடு முதற் பேச்சுவார்த்தை நடந்த அன்றைக்கே, துறைத்தலைவருக்கும் வணிக இணைப்புப் பிரிவுக்கும் எழுத்திலே அறிவிக்கவேண்டும். கட்டுரையிலும், மாநாட்டு உரையிலும், மானிய விண்ணப்பத்திலும், மாணவரிடத்திலும் அதே செய்தியைச் சொல்லவேண்டும். வாய்மொழியாகத் தேநீர் நேரத்தில் சொன்னது அறிவித்தலாகாது.

இரண்டாவது, விலகல். பல்கலைக்கழகம் அந்தக் கம்பனிக்கு உரிமம் வழங்குவதா, என்ன விகிதத்தில் வழங்குவது என்று ஆலோசிக்கும் கூட்டத்திலே அவர் இருக்கலாகாது. வாக்களிக்காமல் மௌனமாக இருப்பது விலகலன்று, அறையை விட்டு வெளியே செல்வதே விலகல். அவர் வெளியேறிய நேரமும் மீண்ட நேரமும் கூட்டக் குறிப்பிலே பதியப்படவேண்டும். கம்பனி பல்கலைக்கழகத்துக்கு ஏதேனும் பொருள் விற்க முன்வந்தால், கொள்வனவுக் குழுவிலும் அவருக்கு இடமில்லை.

மூன்றாவது, பிரித்து வைத்தல். இந்திய அரசின் மனிதவள மேம்பாட்டு அமைச்சு 2019 இல் வெளியிட்ட புத்தாக்கக் கொள்கை, ஆசிரியர் தொழில் தொடங்குவதை ஊக்குவிக்கும் அதே வேளையில், ஸ்தாபனத்தில் நடைபெறும் ஆய்வையும் கம்பனி வேலையையும் அவர் தெளிவாகப் பிரிக்கவேண்டும் என்றும், ஸ்தாபனத்தின் ஆய்வு ஊழியரைக் கம்பனி வேலையில் ஈடுபடுத்தலாகாது என்றும், கம்பனியிடமிருந்து பரிசு பெறலாகாது என்றும் வரையறுக்கின்றது. இதனை எமது உதாரணத்துக்குப் பொருத்தினால், உலர்த்தும் இயந்திரத்தின் பக்கத்திலே இரண்டு பதிவேடுகள் இருக்கவேண்டும். கம்பனியின் மாதிரி உலர்த்தப்பட்ட மணிநேரத்துக்கு உரிய கட்டணம் பல்கலைக்கழகத்துக்குச் செலுத்தப்பட்டு, அதன் பற்றுச்சீட்டு அப்பதிவேட்டிலே ஒட்டப்படவேண்டும். விரிவுரையாளர் கம்பனிக்காகச் செலவிடும் நாட்களும் முன்னனுமதியோடு வரையறுக்கப்படவேண்டும்.

நான்காவது, மூன்றாமவர் மேற்பார்வை. தூளின் ஆறு மாதிரிகளைச் சோதித்ததில் ஒன்றிலே பூஞ்சணம் கண்டது என்று கொள்வோம். அந்த ஒன்றை ‘மாதிரி எடுத்ததிலே பிழை’ என்று விலக்குவதா, சோதனையை மீண்டும் செய்வதா என்ற கேள்விக்கு விடை சொல்லும் தகுதி, கணவரின் பணம் அத்தொழிற்சாலையில் இருக்கும்போது, அவருக்கு இல்லை. எத்துணை தேர்ச்சி இருந்தாலும் இல்லை. பாதுகாப்பையும் தரத்தையும் பற்றிய சோதனைகளை ஆதாயம் இல்லாத வேறொருவர் வடிவமைத்து, தரவுகளைத் தம் கையில் வைத்து, முடிவைத் தாமே எழுதவேண்டும். மனிதரை உட்படுத்தும் சோதனையானால் இவ்விதியிலே தளர்வு கூடாது.

ஐந்தாவது, துறத்தல். மேற்கூறிய நான்கும் போதாத இடத்திலே பங்கை விற்றுவிடவேண்டும். அல்லது ஆய்வைப் பிறரிடம் ஒப்படைக்கவேண்டும். அல்லது ஊதியமற்ற விடுப்புப் பெற்று முழுமையாகக் கம்பனிக்குச் செல்லவேண்டும். இரண்டையும் வைத்திருக்க விரும்புவது மனித இயல்பு. ஒன்றை விடவேண்டிய நாள் வரும் என்பதை ஆரம்பத்திலேயே மனத்திற் கொள்பவர் அந்த நாளிலே தடுமாறமாட்டார்.

மாணவர் விஷயத்தில் தனிக் கவனம்

மேற்பார்வையாளருக்குக் கம்பனியிலே ஆதாயம் இருந்தால், அதனோடு தொடர்புள்ள ஆய்வைச் செய்யும் ஒவ்வொரு மாணவருக்கும் ஆதாயமில்லாத இன்னொரு மேற்பார்வையாளர் நியமிக்கப்படவேண்டும். தமது மேற்பார்வையாளரைத் தாண்டி முறையிடத்தக்க ஒருவரின் பெயரும் அவர்களுக்கு எழுத்திலே கொடுக்கப்படவேண்டும். ஆக்கவுரிமைக்காகக் கட்டுரையைத் தாமதிக்க நேர்ந்தால், அத்தாமதத்துக்கு ஆரம்பத்திலேயே ஒரு திகதி குறிக்கப்படவேண்டும். எமது சட்டம் கண்டுபிடித்தவர் தாமே வெளியிட்டதற்கு ஓராண்டுச் சலுகை தருகின்றதாயினும், ஐரோப்பா முதலிய இடங்களிலே அத்தகைய பொதுச்சலுகை இல்லை. ஆகையால் விண்ணப்பத்தை முதலில் விரைந்து பதிந்து, பின்னர் கட்டுரையை வெளியிடுவதே இருவருக்கும் நன்மை. விண்ணப்பம் எழுத விரிவுரையாளர் சோம்பியிருந்த காலத்தை மாணவியின் தலையிலே சுமத்தலாகாது. கண்டுபிடிப்பிலே பங்குள்ள மாணவரின் பெயர் விண்ணப்பத்திலே இடம்பெறவேண்டும் என்பதும், கம்பனி வேலைக்கு மாணவரை அழைத்தால் அதற்குக் கூலி உண்டு என்பதும், மறுக்கும் உரிமையும் உண்டு என்பதும் சொல்லாமலே விளங்கவேண்டியவை; ஆயினும் எழுதி வைக்கவும்.

ஊராரின் அறிவுக்கும் பங்குண்டு

ஆய்வாளர்கள் எளிதில் மறந்துவிடுகின்ற ஒரு தரப்பு உண்டு. 1987 ஆம் ஆண்டில் தாவரவியலாளர் புஷ்பாங்கதன் தலைமையில் அகத்திய மலைக் காட்டிலே நடந்த விஞ்ஞானிகள் களைத்துச் சோர்ந்தபோது, வழிகாட்டியாக வந்த காணிக்காரர் என்னும் பழங்குடியினர் மட்டும் ஏதோ ஒரு சிறு காயை மென்று உற்சாகமாக நடந்தனர். அவர்கள் தயங்கித் தயங்கிக் காட்டித்தந்த ஆரோக்கியப்பச்சை என்னும் அந்தச் செடியிலிருந்து கேரளத்துப் பாலோட்டிலுள்ள தாவரவியல் ஆய்வு நிலையம் ‘ஜீவனி’ என்ற மருந்தை ஆக்கி, 1995 இல் கோயம்புத்தூர் ஆரிய வைத்திய பார்மசிக்குப் பத்து இலட்சம் ரூபாவுக்கும் விற்பனையில் நூற்றுக்கு இரண்டு வீதத்துக்கும் உரிமம் வழங்கியது. அதிலே சரிபாதி காணிக்காரருக்கு என்று வகுத்து, 1997 இல் அவர்களுக்கென ஒரு நிதியமும் அமைக்கப்பட்டது. அந்த ஏற்பாட்டிலும் குறைகள் சொல்லப்பட்டன. ஆயினும் ஆய்வு நிலையத்தின் வருமானமும் ஊராரின் உரிமையும் முரணுகின்ற இடத்தை முன்கூட்டியே கண்டு எழுத்தில் வைத்தமை போற்றத்தக்கது. பனங்களியின் நுட்பத்தைத் தலைமுறை தலைமுறையாகக் காத்த பெண்களிடம் கேட்டறிந்தவற்றை ஆக்கவுரிமைப் பத்திரத்திலே எழுதுமுன், எமது விரிவுரையாளரும் இந்த முன்மாதிரியைச் சற்றுச் சிந்திக்கவேண்டும்.

பல்கலைக்கழகத்துக்கும் நலமுரண் உண்டு

ஸ்தாபனமே பங்குதாரராகும்போது, அதன் குழுக்களின் நடுநிலையும் கேள்விக்குள்ளாகின்றது. மேற்கூறிய இந்தியக் கொள்கை, ஸ்தாபனம் தான் வளர்க்கும் கம்பனியிலே 2 முதல் 9.5 வீதம் வரையான பங்கைப் பெறலாம் என்று வரம்பு காட்டுகின்றது. பங்கின் அளவு எதுவாயினும், அப்பங்கை நிர்வகிக்கும் கையும் ஆய்வுக்கு ஒழுக்க அனுமதி வழங்கும் கையும் ஒன்றாக இருக்கலாகாது. நலமுரண் குழுவிலே வேறு பீடத்தவர் ஒருவரும், பல்கலைக்கழகத்துக்கு வெளியிலிருந்து சட்டம் அல்லது கணக்கியல் அறிந்த ஒருவரும் இருக்கவேண்டும். நாட்டின் 2023 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க ஊழலுக்கெதிரான சட்டமும் பொது உத்தியோகத்தரின் நலமுரணைத் தீவிரமாகக் கருதுகின்றது என்பதை நிர்வாகிகள் நினைவிற் கொள்வார்களாக.

மாதிரி அறிவித்தல்

கீழே தரப்படுவதை வாசகர் தம் தேவைக்கேற்ப மாற்றிப் பயன்படுத்தலாம்:

‘நான் மேற்பார்வை செய்யும் பனங்களி ஆய்வோடு தொடர்புள்ள உற்பத்தியில் ஈடுபடும் கம்பனியிலே என் கணவருக்குப் பங்கு உண்டு, அதன் பணிப்பாளர் என் மைத்துனர். அக்கம்பனியிடமிருந்து நான் சம்பளமோ பரிசோ பெறவில்லை. பெற நேர்ந்தால் முப்பது நாட்களுக்குள் அறிவிப்பேன். உரிமம், கொள்வனவு, தரச்சோதனை ஆகியன பற்றிய தீர்மானங்களிலிருந்து விலகியிருப்பேன். இவ்வாய்வில் ஈடுபட்டுள்ள மாணவர் இருவருக்கும் இவ்விபரத்தைத் தெரிவித்துள்ளேன். இந்த அறிவித்தலை ஆண்டுதோறும் புதுப்பிப்பேன்.’

கையெழுத்திடுமுன் பின்வரும் கேள்விகளைத் தம்மைத் தாமே கேட்டுக்கொள்க:

1. இந்த ஆய்வின் முடிவு மாறினால் என் வீட்டு வருமானம் மாறுமா?
2. என் மாணவர் ஒருவரின் பட்டமோ கட்டுரையோ கம்பனியின் வசதியைப் பொறுத்திருக்கின்றதா?
3. பல்கலைக்கழகத்தின் கருவி, நேரம், ஊழியர் ஆகியவற்றில் எதையேனும் கணக்கில் வராமல் பயன்படுத்துகிறேனா?
4. இந்தத் தொடர்பு நாளை ஒரு பத்திரிகையிலே அச்சாகுமானால் நான் புதிதாக விளக்கம் சொல்ல நேருமா?
5. இந்த விஷயத்தில் என் தீர்ப்பைச் சரிபார்க்க, என்னிடம் எதையும் எதிர்பாராத ஒருவர் இருக்கிறாரா?

முதல் நான்கில் ஒன்றுக்கேனும் ‘ஆம்’ என்றோ, ஐந்தாவதற்கு ‘இல்லை’ என்றோ விடை வந்தால், குழுவிடம் செல்லவேண்டிய வேளை வந்துவிட்டது.

ஆண்டுதோறும் அடைக்கும் வேலி

யாழ்ப்பாணத்து வேலி ஒருமுறை அடைத்துவிட்டால் என்றென்றைக்கும் நிற்பதன்று. வெயிலிலும் மாரியிலும் ஓலை உக்கும். கதியால் சில பட்டுப்போகும். அங்கங்கே ஒரு பொட்டு விழும். ஆதலால் பனையோலையோ கிடுகோ கொண்டு ஆண்டுக்கொருமுறை அதனை மீண்டும் அடைக்கிறோம். நலமுரண் அறிவித்தலும் அத்தகையதே: இன்று சிறிதாயுள்ள பங்கு நாளை பெருகும்; இன்று ஆலோசகராக இருப்பவர் நாளை பணிப்பாளராவார்; இன்று மாணவியாயிருப்பவள் நாளை கம்பனி ஊழியராவாள். ஆண்டுதோறும் ஒரு குறித்த திகதியிலே படிவத்தை எடுத்து வாசித்து, மாறியதை மாற்றி எழுதுவதற்கு அரைமணி நேரமே செல்லும்.

போக்குவரவை அடியோடு தடுக்கவேண்டும் என்று நாம் சொல்லவில்லை. ஆய்வுகூடத்திலிருந்து அங்காடிக்கும், அங்காடியிலிருந்து ஆய்வுகூடத்துக்கும் அறிவும் பணமும் வந்துபோகத்தான் வேண்டும். அவை தெருவிலே போகிறவர்கள் காணும்படி படலை வழியாகப் போகட்டும். இருட்டிலே குனிந்து நுழையும் பொட்டு வழியாக வேண்டா. இந்நூலைக் கையில் வைத்திருக்கும் ஆய்வாளர் ஒருவர் நாளைக்கு ஒரு வியாபாரியைச் சந்திக்க இருப்பாரானால், அவர் இன்று மாலையே செய்யவேண்டிய காரியம் ஒன்றே ஒன்று: மேலுள்ள மாதிரியைத் தம் பெயருக்கு மாற்றி எழுதித் துறைத்தலைவரின் மேசையிலே வைத்து, பெற்றுக்கொண்டதற்கான திகதியையும் கையெழுத்தையும் வாங்கிக்கொள்ளவேண்டும். கயிற்றின் மறுநுனியைப் பிடிக்க ஒருவர் வந்து நின்ற பின்னர், கதியாலை ஊன்றலாம்.